தலசீமியா பிள்ளைகளைச் சர்க்கரை நோயிலிருந்து காக்க...

தலசீமியா மேஜர் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வர முக்கியக் காரணம் இனிப்பு அல்ல. ஏற்றும் ரத்தத்தோடு உடம்பில் சேரும் இரும்பு. அது கணையத்தில் படிந்தால் இன்சுலின் சுரப்பு குறையும். ஈரலில் படிந்தால் சுரக்கும் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. பெற்றோர் கவனிக்க வேண்டியவை:

1. ஒரு பை ரத்தத்தில் சுமார் 200 மி.கி. இரும்பு இருக்கிறது. உபரி இரும்பை வெளியேற்றும் வழி உடம்புக்குக் கிடையாது. அதற்காக ரத்தம் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. இரும்பை வெளியேற்றும் மருந்தைத்தான் தவறாமல் கொடுக்க வேண்டும்.

2. இரும்பை வெளியேற்றும் மருந்தான டெஃபெராசிராக்ஸில் கரைத்துக் குடிக்கும் வகை மாத்திரை என்றால், வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பழச்சாறு வேண்டாம், தண்ணீரே போதும். டம்ளரின் அடியில் தூள் ஒட்டியிருக்கும். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அதையும் குடிக்க வையுங்கள்.

3. இரும்பை வெளியேற்றும் இன்னொரு மருந்தான டெஃபெரிப்ரோன் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால், அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெள்ளை அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்தாக வேண்டும்.

4. 'பிள்ளை வெளுத்திருக்கிறானே' என்று உறவினர்கள் பேரீச்சம்பழ சிரப், சத்து டானிக் வாங்கி வருவார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள். இரும்பும் சர்க்கரையும் சேர்ந்து இரட்டைக் கேடு. வைட்டமின் சி மாத்திரையும் டாக்டர் சொன்னால் மட்டுமே.

5. பத்து வயதிலிருந்து ஆண்டுதோறும், வெறும் வயிற்றிலும் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்தும் சர்க்கரை அளவைப் பாருங்கள். அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது அளவு 140-ஐத் தொட்டாலே எச்சரிக்கை. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோயாக இருக்கலாம்.

6. மூன்று மாத சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையை மட்டும் நம்பாதீர்கள். உடம்பில் ஓடுவது பிறர் கொடுத்த ரத்தமும் என்பதால் அந்த அளவு ஏமாற்றிவிடும். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வைப்பதே நல்லது.

7. ஒரு நோட்டில் ரத்தம் ஏற்றிய தேதி, எத்தனை பை, ஃபெரிட்டின் (உடம்பில் சேர்ந்த இரும்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), சர்க்கரை அளவு எல்லாவற்றையும் வரிசையாகக் குறியுங்கள். ஃபெரிட்டின் ஏறிக்கொண்டே போனால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

8. அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவு இருந்தால் அடுத்து ரத்தம் ஏற்றும் தேதிவரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

9. இன்சுலின் போடுபவருக்கு வியர்வையும் நடுக்கமும் வந்தால் சர்க்கரை இறங்கியிருக்கலாம். பெரியவர் என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே கொடுங்கள். கால் மணி நேரத்தில் சர்க்கரை அளவை மறுபடியும் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சிறுவர்களுக்கான அளவை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

10. 'இனிப்பு தின்றுதான் வரவழைத்துக்கொண்டாய்' என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து இரும்பை நன்றாகக் குறைத்ததால் சர்க்கரை அளவு சீரானவர்கள் உண்டு. அதைச் சொல்லி, இன்றைய மருந்தை இன்றே சாப்பிட வையுங்கள்.