நீரிழிவைத் தடுப்பதில் ஆரம்ப சுகாதார நிலையங்களின் இடர்ப்பாடுகள்

வந்த நோயைத் தீர்ப்பதைவிட வருமுன் காப்பது எளிது என்று பள்ளிப் பருவம் முதற்கொண்டே படித்து வந்திருக்கிறோம். ஆயினும், மருத்துவ மாணவன் என்ற முறையில் உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்ற எனக்கு அது அவ்வளவு எளிதாகத் தோன்றவில்லை. நீரிழிவைத் தடுக்கும் பணி எவ்விடங்களில் தடைப்படுகிறது என்பதை நம் சங்க நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

75 கிராம் குளுக்கோஸ் பருகிய இரண்டு மணி நேரத்திற்குப் பின், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 200 மில்லி கிராமுக்குக் குறையாமல் இருப்பின் அது நீரிழிவு. 140 முதல் 199 வரை இருப்பின் அது நோயன்று, நோயின் முன்நிலை. 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோருள் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு; முன்நிலையில் இருப்போர் 10.2 பேர். நாம் பயிலும் உத்தரப் பிரதேசத்திலோ நீரிழிவு உடையோர் 4.8 பேர்தாம்; முன்நிலையினர் 18 பேர். நம் ஊரில் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்துவிட்டது. இங்கே அது வாசற்படியில் நிற்கிறது. அணை கட்டுவதற்குரிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை.

அணை கட்ட முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 2002-இல் முடிவு வெளியான ஆராய்ச்சியில், உடல் எடையில் நூற்றுக்கு 7 பங்கு குறைத்தல், வாரத்திற்கு 150 நிமிடம் உடலுழைப்பு என்ற இரு குறிக்கோள்களால் புதிதாக நீரிழிவு தோன்றுவது நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், உணவு, நடைப் பழக்கங்களின் மாற்றத்தால் 28.5 பங்கு குறைந்தது.

அப்படியாயின் சுகாதார நிலையத்தில் இதனைச் செய்வதற்கு என்ன தடை?

முதல் தடை, கண்டுபிடிப்பதே. ஆஷா ஊழியர்கள் வீடுதோறும் சென்று, முப்பது வயது கடந்தோரின் இடுப்பளவு, குடும்ப வரலாறு முதலியவற்றைக் குறிக்கிறார்கள். பிறகு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். இது முற்றிய நோயைக் காட்டும்; முன்நிலையினரைப் பெரும்பாலும் தவறவிட்டுவிடும். அவர்களைக் கண்டறிய வெறும் வயிற்றுடன் வந்து இரண்டு மணி நேரம் காத்திருக்கும் சோதனை வேண்டும். கூலிக்குச் செல்பவருக்கோ அந்தக் காலைப்பொழுது ஒரு நாள் ஊதியம். நான் பார்த்த பதிவேட்டில் ‘உண்டு’, ‘இல்லை’ என்ற இரு பத்திகளே இருந்தன. இடையில் நிற்பவரை எழுத இடமில்லை.

இரண்டாவது தடை, நேரமும் ஆளும். அமெரிக்க ஆராய்ச்சியில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயிற்றுநர் இருந்தார். முதல் 24 வாரங்களில் 16 பாடங்கள் நடந்தன. சமவெளியில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையமோ 30,000 மக்களுக்கு உரியது. காய்ச்சலும் பிரசவமும் தடுப்பூசியும் காத்திருக்கையில், நோயில்லாதவருக்கு மருத்துவர் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்?

மூன்றாவது தடை மக்களின் மனம். ஒரு விவசாயி என்னிடம், “நோய் இல்லை என்கிறீர்கள், மாத்திரையும் இல்லை என்கிறீர்கள், பிறகு எதற்கு மறுபடியும் வரவேண்டும்?” என்று கேட்டார். வலி இல்லாதவரை மீண்டும் வரவழைப்பது எளிதன்று. மேலும், நாம் கூறும் அறிவுரை அவர்கள் வாழ்வோடு பொருந்துவதுமில்லை. வீட்டார் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பெண்ணிடம் காய்கறியைக் கூட்டி உண்ணச் சொல்கிறோம். தனியே வெளியில் செல்ல இயலாதவளை மாலையில் நடக்கச் சொல்கிறோம்.

ஊர் மக்களுள் சிலரையே பயிற்றுநராக்கினால் என்ன? கேரளத்தில் 1,007 பேரிடம் இம்முறையைச் சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டனர். பழமும் காய்கறியும் உண்பது கூடியது; எனினும் இரண்டாண்டுகளில் நீரிழிவு உறுதியாகக் குறைந்தது என்று சொல்ல முடியவில்லை. மறுபுறம், தென்னிந்தியாவில் 537 ஆண்களுக்குக் கைப்பேசிச் செய்தி வழியே அறிவுரை அனுப்பிய ஆராய்ச்சி, 36 பங்கு குறைவைக் காட்டியதாக 2013-இல் வெளியாயிற்று. ஆதலின் ஒரே வழி எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று நினைத்தல் கூடாது, சோர்ந்துவிடுதலும் கூடாது.

என் கருத்தில் செய்யத்தக்கவை மூன்று. முன்நிலையினருக்கெனப் பதிவேட்டில் ஒரு தனிப்பத்தி வேண்டும். வாரத்தில் ஒரு நாள், வேலைக்குச் செல்லுமுன் சோதனை முடியுமாறு, துணை நிலையத்திலேயே விடியற்காலையில் அதனைத் தொடங்க வேண்டும். அறிவுரையைத் தனியொருவருக்கன்றி, சமைப்பவரும் உண்பவருமாகக் குடும்பத்துக்கே கூற வேண்டும்.

மருத்துவம் பயிலும் தோழர்கள் நாளை இந்நிலையங்களின் பொறுப்பை ஏற்பவர்கள். அந்தத் தனிப்பத்தியை வரைவது அவர்கள் கையில் இருக்கிறது. ஏனையோர் ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொள்க. இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80-ஐயும் எட்டியிருந்தால், அதனோடு பெற்றோருள் ஒருவருக்கேனும் நீரிழிவும் இருந்தால், அடுத்த விடுமுறைக்குக் காத்திராமல் இங்கேயே சோதித்துக்கொள்ளுதல் நன்று.