சதவீதம் என்னும் சொல்

சதவீதம், சதவிகிதம் என இருவகையாகவும் வழங்கும் சொல்லுக்கு ‘நூற்றுக்கு இத்தனை’ என்பதே பொருள். வடமொழியில் சதம் என்பது நூறு. உச்சரிக்குங்கால் முன்னதில் ‘வீ’ நெடில், பின்னதில் ‘வி’ குறில், பொருளில் பேதமில்லை. ஆங்கிலத்தாரின் பர்சென்ட் என்பதும், நூற்றுக்கு என்னும் பொருளுள்ள லத்தீன் தொடரிலிருந்து வந்ததே. விழுக்காடு என்னும் தமிழ்ச் சொல் செவிக்கும் இனியது.

ஆயினும் இச்சொல் நூற்றைக் காட்டுமேயன்றிக் காலத்தைக் காட்டாது. கடன் வாங்குவோர் ஏமாறுமிடம் இதுவே. கிராமத்தில் ‘இரண்டு வட்டி’ என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் இரண்டு ரூபாய். அஃதாவது வருஷத்திற்கு 24 சதவீதம். சங்கத்துக் கடன் பத்திரத்தில் 9 சதவீதம் என்று கண்டிருப்பின், அது வருஷம் முழுமைக்கும் 9 ரூபாயே. இரண்டு ஒன்பதிலும் சிறிதென்றெண்ணி லேவாதேவிக்காரரை நாடும் அங்கத்தினர், நூறு ரூபாய்க்கு வருஷந்தோறும் 15 ரூபாய் அதிகம் கொடுத்தவராவார்.