அப்ளிகேஷன் திடீரென நின்றதா? சர்வர் அலாரத்தைப் படிக்கும் முறை

ஏற்காட்டில் கோடை மழை பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு வரும். சில்வர் ஓக் கிளை ஒன்று மின்கம்பியில் விழுந்தால் போதும், தலைச்சோலை மாதிரியான மலை ஊர்களில் கரண்ட் போய்விடும். அந்த நேரம் பார்த்து விடுதியிலோ எஸ்டேட் அலுவலகத்திலோ உள்ள பில்லிங் சர்வர் ‘அப்ளிகேஷன் எதிர்பாராமல் நின்றது’ என்று அலாரம் கொடுத்தால், திட்டு விழுவது சாஃப்ட்வேர்காரருக்குத்தான். பாவம், பல நேரம் அவர்மேல் தப்பே இருக்காது.

முதலில் அலாரத்தைப் போட்டோ எடுத்து, நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ரீஸ்டார்ட் எல்லாம் அதற்குப் பிறகு. லினக்ஸ் சர்வர்கள் பலவும் யூடிசி கணக்கில் லாக் எழுதுபவை. பிற்பகல் 3.40-க்கு நின்றது அங்கே காலை 10.10 என்றிருக்கும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல் தேடினால் ஒன்றும் அகப்படாது.

நின்றது அப்ளிகேஷன் மட்டும்தானா, மெஷினே விழுந்ததா? விண்டோஸ் என்றால் ஈவென்ட் வியூவரின் ‘சிஸ்டம்’ பகுதியில் 41, 6008 ஆகிய எண்களைத் தேடலாம். இருந்தால், மெஷின் முறையாக அணைக்கப்படவில்லை என்று பொருள். 41-ன் விவரத்தில் பக்செக் கோடு 0 என்றிருந்தால் கரண்ட் போயிருக்கலாம். அல்லது மெஷின் உறைந்துபோய், யாரோ பவர் பட்டனை அழுத்தியிருக்கலாம். யூபிஎஸ் பேட்டரியைச் சோதிக்க வேண்டிய கட்டம் இது. டேட்டாபேஸ் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பில் போட உட்கார வேண்டும்.

அந்த எண்கள் இல்லாமல் 7034 அல்லது 7031 இருந்தால், சர்வீஸ் மட்டும் விழுந்திருக்கிறது. அதே நேரத்துக்கு ‘அப்ளிகேஷன்’ பகுதியில் 1000 என்ற பதிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த மாட்யூலில் முறிந்தது, என்ன எக்ஸெப்ஷன் கோடு என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கோடு சி0000005 என்றால், தனக்கு உரிமையில்லாத மெமரியை அது தொட்டிருக்கிறது. மாட்யூல் பெயர் விண்டோஸின் சொந்தக் கோப்பாக இருந்தாலும், குற்றவாளி விண்டோஸ்தான் என்று முடிவுகட்டக் கூடாது. கோளாறு வேறெங்கோ தொடங்கி அங்கே வெடித்திருக்கலாம்.

லினக்ஸில் மெமரி தீர்ந்தால் கெர்னலே ஒரு புராசஸைக் கொன்றுவிடும். கெர்னல் லாக்கில் ‘அவுட் ஆஃப் மெமரி’ என்ற வரி கிடைக்கும். டாக்கர் கண்டெய்னரின் எக்ஸிட் கோடு 137 என்றால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்டது, 139 என்றால் மெமரிப் பிழை, 143 என்றால் யாரோ நிற்கச் சொல்லி நின்றது.

பிறகு, அன்றைக்கு என்ன மாறியது என்று விசாரிக்க வேண்டும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு சிறு அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்கின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் முடங்கின. இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அப்டேட் வெளியானது நம் நேரப்படி காலை 9.39, திரும்பப் பெற்றது 10.57. அந்த அப்டேட் கோப்பை சேஃப் மோடில் அழித்ததும் மெஷின்கள் எழுந்தன. விண்டோஸின் ரிலையபிலிட்டி மானிட்டர், எந்த நாளில் எந்த அப்டேட் ஏறியது, எது முறிந்தது என்பதை ஒரே அட்டவணையில் காட்டும். ஏனோ அதைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

அடுத்த முறைக்காக, விண்டோஸில் சர்வீஸின் ‘ரெகவரி’ பகுதியில் தானாக ரீஸ்டார்ட் ஆகும்படி அமைத்துவிடலாம். லினக்ஸில் சர்வீஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி இயல்பாக 10 விநாடிக்குள் 5 முறைதான் முயலும். அதற்கும் மேல் விழுந்தால் கைவிட்டுவிடும். கிராஷ் டம்ப் சேமிப்பையும் இயக்கி வைத்தால், சாஃப்ட்வேர்காரருக்கு அந்தக் கோப்பையும் 1000-ம் எண் பதிவையும் சேர்த்தே அனுப்பலாம்.