முதுகுத்தண்டு நீர் எடுத்தால் பிள்ளை முடமாகுமா?



நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கிறது. பிள்ளைக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், தலைவலி, வாந்தி. மூன்றாம் நாள் கை கால் வெட்டி இழுக்கிறது; பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. "காத்து கருப்பு பட்டிருக்கும், வேப்பிலை அடிங்க" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. "அவரு வயல்லேருந்து வரட்டும், கேட்டுக்கிட்டுப் போகலாம்" என்று தாய் காத்திருக்கிறாள். இந்தக் காத்திருப்புத்தான் ஆபத்து. காய்ச்சலோடு வலிப்போ மயக்கமோ வந்தால், யார் வீட்டில் இருக்கிறாரோ அவரே 108-ஐ அழைத்துப் புறப்பட வேண்டும் என்று இருவரும் இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி வரும்வரை பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ வேண்டாம். கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை.

இது ஜப்பானிய மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். பெயர்தான் ஜப்பான், இந்தியாவில் முதன்முதலாக நோயாளிகளிடம் இது கண்டறியப்பட்டது நம் வேலூரில், 1955-ல். நெல்வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, பன்றியிடமும் கொக்கிடமும் உள்ள கிருமியை நமக்குக் கொண்டுவருகிறது. கிருமி புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. மூளையைத் தாக்கினாலோ, 100 பேரில் 20 முதல் 30 பேர் வரை இறக்க நேரிடுகிறது. பிழைத்தவர்களிலும் பலருக்குக் கை கால் விளங்காமலோ, பேச்சும் அறிவும் குன்றியோ போகிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "முதுகுத்தண்டிலிருந்து கொஞ்சம் நீர் எடுக்க வேண்டும்" என்பார். இங்கேதான் பலர், "ஐயோ, முதுகிலே குத்தினா பிள்ளை நொண்டியாயிடும்" என்று தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழே, இடுப்புப் பக்கம்தான் ஊசி இறங்குகிறது. வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும். கால் விளங்காமல் போனால் அது பெரும்பாலும் நோயின் வேலை. பழி ஊசியின் மேல் விழுகிறது. மூளையில் அழுத்தம் அதிகம் என்று தெரிந்தால் டாக்டரே அதைத் தள்ளி வைப்பார்.

அந்த நீர் எதற்கு? பாக்டீரியாவாலும் காசநோயாலும் வரும் மூளைக்காய்ச்சலும் பார்வைக்கு இதே மாதிரிதான் இருக்கும். அவற்றுக்கு நல்ல மருந்து உண்டு; ஆனால் ஒரு நாள் பிந்தினாலும் நஷ்டம். ஜப்பானிய வகையின் கிருமியைக் கொல்ல மருந்தில்லை. ஆனாலும் வலிப்பை அடக்கி, மூளை வீக்கத்தைக் குறைத்து, மூச்சுக்கு உதவி செய்து உயிரைக் காக்கப் பாடுபடலாம்.

எடுத்த நீரிலும் இரத்தத்திலும் அந்தக் கிருமிக்கு எதிராக உடம்பில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவார்கள். முதல் சில நாட்களில் அது தென்படாமல் போகலாம். எனவே மறுபடி கேட்டால், "முன்னே எடுத்தது என்னாச்சு?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்நோய் காணப்படும் மாவட்டங்களில் 9 மாதம் நிறைந்ததும் ஒரு தடுப்பூசி, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று இலவசமாகப் போடப்படுகின்றன. உங்கள் ஊரில் உண்டா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். பிள்ளையின் அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.