இடைகழியில் நான்காமவர்

இடைகழி என்னும் சொல்லை நம் மாணவர் பலர் அறியார். வெள்ளவத்தை மாடிவீடுகளில் அதற்கு இடமுமில்லை. தெருவாயிலுக்கும் உள்வீட்டுக்கும் நடுவேயுள்ள ஒடுங்கிய நடையே அது. ரேழி என்பதும் அதுவே.

பெண்ணையாற்றங்கரைத் திருக்கோவலூரில், மழை பொழிந்த ஓரிரவில், அத்தகைய இடைகழியொன்றிற் பொய்கையாழ்வார் ஒதுங்கினார். அடுத்துப் பூதத்தாழ்வார் வந்தார். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று முன்னவர் எழுந்து இடங்கொடுத்தார். பேயாழ்வாரும் வரவே, மூவர் நிற்கலாமென்று மூவரும் நின்றனர். சற்றுநேரத்தில் நான்காமவர் ஒருவர் நெருக்கலானார். காலடியோசை இல்லை, கண்ணுக்கு எவரும் புலப்படவுமில்லை.

இவ்விடத்திற் கதையை நிறுத்தி, வந்தவர் யாரென்று வகுப்பில் வினவுவது என் வழக்கம். "பேய், சேர்!" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. பூதமும் பேயும் முன்னரே உள்ளே நிற்கின்றனவே என்பேன்; வகுப்புச் சிரிக்கும்.

ஆழ்வார்கள் அஞ்சி ஓடினாரல்லர், விளக்கேற்றினர். பொய்கையார் உலகை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் கொண்டார். பூதத்தாரோ அன்பை அகலாக்கிச் சிந்தையைத் திரியாக்கினார். புறவிளக்கும் அகவிளக்கும் சேர்ந்த ஒளியிற் பேயார் திருமாலைத் திருமகளோடு கண்டார். இவ்வாறு பிறந்தவையே இயற்பாவிலுள்ள மூன்று திருவந்தாதிகள். ஒவ்வொன்றும் 100 வெண்பா.

மழையும் நெருக்கமும் குருபரம்பரை நூல்கள் கூறுவன. எனினும், முதல் திருவந்தாதியின் 86ஆம் பாசுரம் இடைகழியை வெளிப்படையாகவே சுட்டுகின்றது. வாயிலைக் கடந்து வெளியே செல்லாமலும், உள்ளே புகாமலும், கோவலூர் இடைகழியையே இறைவன் பற்றி நிற்கின்றான் என்பது அதன் கருத்து. கதை இப்பாசுரத்திலிருந்தே வளர்ந்திருத்தல் வேண்டுமென்பது என் எண்ணம், மறுப்பார் மறுக்கலாம். உள்வீடு வீட்டுக்காரருக்கு உரியது. தெரு மழைக்கு உரியது. போக்கிடமற்றவன் நிற்பது இடைகழியிலன்றோ? அவனும் அங்கேயே நின்றான்.

ஒருமுறை இதனைக் கேட்டிருந்த மாணவனொருவன், 1983 ஆடிக் கலவரத்தின்போது பாடசாலையொன்றின் வகுப்பறைத் தரையில் ஒதுங்கிய தன் அப்பம்மாவைப் பற்றிச் சொன்னான். படுக்க இடமின்றி முறைவைத்து உறங்கினார்களாம். நள்ளிரவிலும் கதவு தட்டப்படுமாம். அப்போதெல்லாம் படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்துகொள்வார்களாம். அன்று அப்பாசுரத்துக்கு நான் வேறு உரை சொல்லவில்லை.