ஐஎஸ்ஓ, ஃபிளாஷ் தெரிந்தவருக்கே மெயின் கேமரா

கல்யாண ஸ்டூடியோவில் அசிஸ்டென்டாக இருக்கிறீர்களா? மணவறைக்கு முன்னால் நிற்கும் வாய்ப்பு சீனியாரிட்டியால் வராது. தாலி கட்டும் அந்தச் சில விநாடிகளில் படம் இருட்டடிக்காமலும் வெளிறாமலும் எடுப்பவருக்குத்தான் வரும். அதற்கு இரண்டு விஷயங்கள் கைவசமாக வேண்டும்: ஐஎஸ்ஓ, ஃபிளாஷ்.

1. ஐஎஸ்ஓவை ஏற்றத் தயங்காதீர்கள். எண் இரட்டித்தால் படத்தின் வெளிச்சமும் இரட்டிக்கும். அது ஒரு ஸ்டாப். 100-லிருந்து 1600-க்கு நான்கு ஸ்டாப், அதாவது 16 மடங்கு. நாய்ஸுக்குப் பயந்து 400-லேயே நின்று, ஷட்டரை 1/30-க்கு இறக்குபவர்கள் நிறைய. முடிச்சுப் போடும் கை கலங்கலாகத்தான் விழும். நாய்ஸை எடிட்டிங்கில் குறைக்கலாம். கலங்கிய கையை யாராலும் மீட்க முடியாது. இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு பிரைட்னெஸை ஏற்றினாலும் அதே நாய்ஸ் வரும், பெரும்பாலும் இன்னும் மோசமாக.

2. ஃபிளாஷின் கணக்கைப் படியுங்கள். போட்டியாளர்கள் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தூரம் இரட்டித்தால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்பங்காகிவிடும். ஐஎஸ்ஓ 100-ல் கைடு நம்பர் 40 மீட்டர் என்றால், எஃப் 4-ல் 10 மீட்டர் வரை எட்டும். ஐஎஸ்ஓவை 400 ஆக்குங்கள், அதே ஃபிளாஷ் 20 மீட்டர் எட்டும். 1600-ல் வைத்தால் ஃபுல் பவரே தேவைப்படாது. ஃபிளாஷ் சட்டென்று ரீசார்ஜ் ஆகும், செல்லும் நீடிக்கும். கெட்டிமேளம் முழங்கும்போது அடுத்த ஷாட்டுக்கு ஃபிளாஷ் தயாராக இல்லையென்றால், வேலை உங்கள் பக்கத்தில் நிற்பவருக்குப் போய்விடும்.

3. பின்னணியைக் கறுப்பாக்காதீர்கள். லட்சங்கள் செலவழித்துப் போட்ட டெக்கரேஷன் ஆல்பத்தில் இல்லையென்றால் வீட்டார் சும்மா விடமாட்டார்கள். ஃபிளாஷ் கண்ணிமைப்பதற்குள் வெட்டிவிட்டுப் போய்விடும். முகத்தில் விழும் அந்த வெளிச்சத்தை ஷட்டர் மாற்றாது, மண்டப வெளிச்சத்தைத்தான் மாற்றும். அதனால் ஐஎஸ்ஓவை ஏற்றி, ஷட்டரை 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி பல்புகள் விநாடிக்கு 100 முறை சிமிட்டும். 1/100 வைத்தால் அவை விடும் பட்டைகள் படத்தில் வராது. சின்க் ஸ்பீடையும் தாண்டாதீர்கள்; பல கேமராக்களில் அது 1/200 அல்லது 1/250. தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்.

4. வெள்ளைக் கூரை தாழ்வாக இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்பி பவுன்ஸ் செய்யுங்கள். பச்சைத் துணி கட்டியிருந்தால் வேண்டாம், மணப்பெண் முகமே பச்சையாகிவிடும். ஹோமப் புகை கிளம்பினால் நேரடி ஃபிளாஷை நிறுத்துங்கள். புகைதான் வெள்ளையாக எரியும், ஆள் தெரியாது.

5. முந்தின நாள் ரிசெப்ஷன் முடிந்ததும் மணவறையில் டெஸ்ட் ஷாட் எடுத்து, செட்டிங்கை மெயின் போட்டோகிராபரிடம் காட்டுங்கள். கேட்காமலே தயாராக வருபவரை அவர் மறக்கமாட்டார். போர்ட்ஃபோலியோவில் பார்க், பீச் படங்களைக் குறைத்து, மங்கலான மண்டபத்தில் எடுத்தவற்றை முன்னே வையுங்கள். சம்பளம் பேச அவைதான் உதவும்.

இன்று இரவே வீட்டில் ஒரு மூலையை 100 முதல் 6400 வரை ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். உங்கள் கேமரா எந்த எண் வரை தாங்குகிறதோ, அதையே ஆட்டோ ஐஎஸ்ஓவின் உச்சவரம்பாக செட் செய்துவிடுங்கள்.