தூர்வாரியவர் யார்?

அன்புத் தங்கைக்கு,

உன் ஊர் ஏரியைப் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்தேன். ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை: "தூர்வாரும் பணிகள் சிறப்பான முறையில் மேற்கொள்ளப்பட்டன."

இந்த வரியில் ஆளே இல்லையேம்மா. யார் தூர்வாரினார்கள்? ஊர்க்காரர்களா, ஒப்பந்தக்காரரா, நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களா? எத்தனை நாள் ஆயிற்று? அள்ளிய வண்டல் யார் வயலுக்குப் போயிற்று? வண்டல் போன வயல் எது, போகாத வயல் எது என்று பார்த்தாலே ஊர் நியாயம் பாதி தெரிந்துவிடும். "மேற்கொள்ளப்பட்டன" என்ற ஒரு சொல் அத்தனையையும் மூடிவிட்டது. நீ வேண்டுமென்று மூடவில்லை. கேட்காமல் வந்துவிட்டாய், கேட்காத இடத்தில் அறிக்கைத் தமிழ் வந்து உட்கார்ந்துகொண்டது.

வாக்கியம் கலங்கலாக இருந்தால் உடனே சொல்லை மாற்றத் தொடங்காதே. பெரும்பாலும் கலங்கியிருப்பது, விஷயத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததுதான். மறுபடியும் பஸ் ஏறு.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். என் ஆரம்பக் கட்டுரை ஒன்றில், மழை வெள்ளத்தில் "கலிங்கைத் திறந்துவிட்டார்கள்" என்று எழுதியிருந்தேன். அச்சான பிறகு அந்த ஊருக்குப் போனேன். ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்த பெரியவர் என்னைக் கரைமேல் கூட்டிப்போய் நிறுத்தினார். "மதகுக்குத்தாம்மா கதவு. கலிங்குக்கு ஏது? ஏரி நிரம்புனா அது தானா வழியும்" என்றார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. அவர் ஆயுள் முழுக்கப் பார்த்த வேலையை நான் ஒரு நிமிஷம்கூட நின்று பார்க்காமல் எழுதியிருந்தேன்.

எதையும் மூடாமல் ஆளோடு எழுதுவது எப்படி என்று பார்க்க, உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கையை எழுதிய 'என் சரித்திர'த்தை எடுத்துப் படி. 1940இல் ஆனந்த விகடனில் அது தொடராக வரத் தொடங்கியபோது அவருக்கு எண்பத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியாரை முதன்முதலாகச் சந்தித்த நாளை, அறுபது ஆண்டு கழித்து, 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை என்று கிழமையோடு சொல்கிறார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பெருமையோடு அடுக்கியதை எழுதுகிறார். அதைக் கேட்ட முதலியார் கொஞ்சமும் வியக்காததையும், அவர் சீவக சிந்தாமணியைப் பற்றிக் கேட்டபோது தாம் அந்த நூலைப் பார்த்ததே இல்லை என்பதையும் எழுதுகிறார். 'அப்போது எனக்குப் பழைய இலக்கியம் தெரியாது' என்று ஒரே வரியில் கடந்திருக்கலாம். கடக்கவில்லை. தமக்குக் குறைவு தரும் காட்சியைக்கூட ஆளோடும் பெயரோடும் வைத்ததால்தான், பின்னால் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்த கதையை நாம் சந்தேகமில்லாமல் நம்புகிறோம்.

நடையைப் பற்றி ஒன்றே ஒன்று. தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. அதற்கு முன்னால் "வெட்டப்பட்டு, சிதைந்து, சீரமைக்கப்பட்டு" என்று எச்சங்களை அடுக்கினால், படிப்பவர் அத்தனையையும் சுமந்துகொண்டு முற்றுக்காகக் காத்திருக்க வேண்டும். வாய்விட்டுப் படி. மூச்சு முட்டும் இடத்தில் முற்றுப்புள்ளி வை.

எழுதி முடித்ததும், உனக்குத் தகவல் சொன்னவருக்கே அந்தப் பகுதியைப் படித்துக் காட்டு. அவர் 'ஆமா, இப்படித்தான்' என்று தலையாட்டினால், ஏரியையே பார்க்காத வாசகரும் அதை நம்பலாம்.

இப்போதைக்கு முழுக் கட்டுரை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்விட்டு வா. தூர்வாரியவர் யார் என்ற அந்த ஒரு வரியை மட்டும் எழுதி அனுப்பு. காத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா